பனிக்கடலில் ஒரு பாறை



எங்கள் ஊர் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோயில் வட்டத்துக் கரிசல் பூமியில், பருத்தியையும் சோளத்தையும் உளுந்தையும் நம்பி வாழ்ந்து வந்த ஊர். 2019-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இப்போது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. உறைபனி என்பதை எங்கள் ஊரில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த நான், உலகத்தின் தென்கோடியில் பனிக்கட்டிக்கு மேலே தலைநீட்டி நிற்கும் பாறைச் சிகரங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சிகரத்தை முதன்முதலில் எனக்குக் காட்டியதே எங்கள் ஊர்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு மார்கழி மாதத்து விடியற்காலையில், என் தாத்தா என்னைக் குளத்தங்கரைக்கு அழைத்துச் சென்றார். அன்று மூடுபனி மிகவும் அடர்த்தியாக இறங்கியிருந்தது. கரைமேல் ஏறி நின்று பார்த்தால் வயல் இல்லை, பனைமரம் இல்லை, பாதை இல்லை. எங்கும் ஒரே வெண்மை. மேற்கே மட்டும் மலைத்தொடரின் முடிகள் அந்த வெண்மைக்கு மேலே நீலமாக நின்றன. அடிவாரம் இருந்த இடமே தெரியவில்லை. "ஏலே, மலை மிதக்குது பார்!" என்றார் தாத்தா. வெயில் ஏறியதும் மூடுபனி கலைந்தது. மலைகள் மீண்டும் தரையில் வந்து நின்றுகொண்டன.

பிற்காலத்தில் பூகோள ஆசிரியனாகப் பணிபுரிந்தபோது, அண்டார்க்டிகாக் கண்டத்தின் படமொன்றைக் கண்டேன். அன்று குளத்தங்கரையில் கண்ட அதே காட்சி! ஆனால் இந்த வெண்மை வெயில் ஏறினால் கலைந்து போகிற வெண்மை அன்று. இலட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கலையாமல் கிடப்பது. சில இடங்களில் அதன் கனம் 4,000 மீட்டருக்கும் அதிகம்.

பனிவிரிப்புக்கு மேலே இவ்வாறு தனித்து எழும் பாறைச் சிகரத்திற்கு 'நுனடாக்' என்று பெயர். இது கிரீன்லாந்து நாட்டுப் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பகுத்தார்கள். பனிக்கட்டியால் மூடப்பட்ட நிலத்தை அவர்கள் காணவில்லை. ஆகையால் அதற்குத் திணையும் வகுக்கவில்லை. பார்த்தவர்கள் வைத்த பெயரையே நாமும் ஏற்றுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

அண்டார்க்டிகாவின் பரப்பு ஏறத்தாழ 140 இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் பாரத நாட்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய கண்டத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வெறும் பாறையாக வெளியே தெரிவதில்லை. மற்றதெல்லாம் பனிக்கட்டி, அதன் சராசரிக் கனம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். விழுகிற பனி உருகாமல் ஆண்டுதோறும் அடுக்கடுக்காகப் படிகிறது. மேலடுக்கின் பாரத்தால் கீழடுக்கு இறுகிக் கட்டியாகிறது. அவ்வாறு இறுகிய கட்டியும் சும்மா கிடப்பதில்லை. தோசைக்கல்லின் நடுவில் ஊற்றிய மாவு தன் பாரத்தாலேயே ஓரங்களை நோக்கிப் பரவுவதுபோல், பனிக்கட்டியும் கண்டத்தின் நடுவிலிருந்து கடலை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அந்த நகர்ச்சிக்கு நடுவே ஓர் உயர்ந்த மலை குறுக்கிட்டால் என்ன ஆகும்? ஆற்று நடுவில் கிடக்கும் பாறையைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து ஓடுவதுபோல, பனிக்கட்டியும் இருபுறமும் பிரிந்து செல்கிறது. கண்டத்தின் உள்ளிருந்து கடலை நோக்கி வீசும் கடுங்காற்று, பாறையின்மேல் படியும் பனியை வாரிக்கொண்டு போய்விடுகிறது. செங்குத்தான சரிவில் பனி தங்குவதற்கும் இடமில்லை. கோடையில் கரும்பாறை வெயிலை உள்வாங்கிச் சூடேறுவதால், ஒட்டியிருக்கும் சிறிதளவு பனியும் உருகி வழிகிறது. இம்மூன்று காரணங்களால்தான் சிகரம் மூழ்காமல் நிற்கிறது.

இனி, நம் நாட்டவர் அந்தப் பாறைகளைத் தேடிப் போன கதையைச் சொல்ல வேண்டும். 1981-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கடலியல் அறிஞர் டாக்டர் சையத் ஜஹூர் காசிம் அவர்களின் தலைமையில் 21 பேர் கொண்ட குழு கோவாவிலிருந்து கப்பலேறியது. 1982 ஜனவரி 9-ஆம் நாள் அண்டார்க்டிகாவில் இறங்கியது. 1983-84-இல் சென்ற மூன்றாம் குழு, 'தக்ஷிண கங்கோத்ரி' என்ற நிலையத்தை அமைத்தது. அக்குழுவில் இரண்டு பெண்மணிகளும் இருந்தார்கள். ஒருவர் கடலியல் அறிஞர் அதிதி பந்த். மற்றவர் நிலவியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தா. அண்டார்க்டிகாவில் ஆராய்ச்சி செய்த முதல் இந்தியப் பெண் அறிஞர்கள் இவர்களே. சுதீப்தா சென்குப்தா அங்குள்ள பாறைகளைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்தவர்.

தக்ஷிண கங்கோத்ரி நிலையம் பனித்தட்டின்மேல் கட்டப்பட்டது. பனித்தட்டு என்பது நிலத்திலிருந்து நகர்ந்து வந்து கடலின்மேல் மிதந்து நிற்கும் பனிக்கட்டி. அதன்மேல் ஆண்டுதோறும் பனி படிந்தது. படியப் படியக் கட்டடம் அமிழ்ந்தது. நம் வீட்டுக்குள்ளே செல்ல நாமே மேலிருந்து கீழே இறங்க வேண்டிய நிலைமையை எண்ணிப் பாருங்கள்! 1990-இல் அதை நிலையமாகப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு முன்னரே வேறு இடம் தேடியிருந்தார்கள். அவ்விடம் பாறையாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமே எழவில்லை. சிர்மாக்கர் என்னும் பாறைத் திட்டின்மேல் 1989-இல் 'மைத்ரி' நிலையம் எழுந்தது. பல ஆண்டுகள் சென்ற பின்னும் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. பாறையின் அருமையை நம்மவர்கள் அனுபவத்தால் அறிந்த பாடம் இது.

சிர்மாக்கர் திட்டு தனிச் சிகரம் அன்று; ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாழ்ந்த குன்றுகளின் கூட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஏரிகள் அங்கே உண்டு. அதற்குத் தெற்கே பனிவிரிப்பு படிப்படியாக உயர்ந்து செல்கிறது. அந்த வெள்ளைச் சரிவில் ஆங்காங்கே ஒற்றைப் பாறைகள் தலைநீட்டும். அவற்றுக்கும் அப்பால் வோல்தாட் மலைகள் நிற்கின்றன. மேற்கே சென்றால் 'உல்வெட்டன்னா' என்னும் சிகரம் வரும். அந்த நார்வேச் சொல்லுக்கு ஓநாயின் பல் என்பது பொருள். உயரம் 2,931 மீட்டர். பெயருக்கு ஏற்பப் பனியைக் கிழித்துக்கொண்டு செங்குத்தாக எழும் அந்தப் பாறையின் உச்சியை 1994-ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக மனிதர் எட்டினர்.

இதையெல்லாம் ஒரு நாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், அங்கே ஊர் இல்லை, ஆள் இல்லை, விளைச்சல் இல்லை. அந்தப் பாறையினாலே நமக்கு என்ன சார்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மழை பெய்யுமா பெய்யாதா என்று ஆண்டு முழுவதும் வானத்தைப் பார்த்திருக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை அவன். பயன் என்ன என்று கேட்க அவனுக்கு முழு உரிமை உண்டு. அன்று மணி அடித்துவிட்டதால் சரியான பதிலைச் சொல்ல இயலவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதலாவதாக, அந்தப் பாறை நமக்கு அந்நியம் அன்று. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையில், நம் நாடும் இலங்கையும் அண்டார்க்டிகாவின் கிழக்குப் பகுதியோடு ஒட்டிக்கொண்டு, கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் பகுதிகளாக இருந்தன. பின்னர்ப் பிரிந்தோம், நாம் வடக்கே வந்து வெயிலில் காய்ந்தோம், அது தெற்கே நின்று பனியில் உறைந்தது. கூடப் பிறந்தவர்கள் என்பதற்குச் சான்று என்ன என்று கேட்பீர்கள். கல்லே சான்று. சென்னைக்கு அருகில் பல்லாவரத்து மலையில் ஒருவகைக் கருங்கல் உண்டு. கல்கத்தா நகரோடு பெயர் இணைந்த ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல் இவ்வகையைச் சேர்ந்தது. நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்டு அதைக் கண்டு ஆராய்ந்து, 1893-இல் இவ்வகைப் பாறைக்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். தமிழ்நாட்டின் பல மலைகள் இந்தக் கல்லால் ஆனவை. மைத்ரிக்கு மேற்கே, பனிக்கு மேல் எழும் மலைகளிலும் இதே வகைக் கல் பெருமளவில் இருக்கிறது. பல்லாவரத்து மலைக்கும் பனிக்கண்டத்து மலைக்கும் ஒரே கல்லின் பெயர்! பனி மூடிக் கிடக்கும் கண்டத்தின் உடம்பைத் தொட்டுப் பார்த்து உறவு கண்டுபிடிக்க, இத்தகைய சிகரங்களைத் தவிர வேறு வழி அரிது.

இரண்டாவதாக, அந்தப் பாறை வெறும் பாறையும் அன்று. கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே, ஸ்வார்த்தமாரன் என்னும் பாறைச் சரிவு ஒன்று உண்டு. அண்டார்க்டிகப் பெட்ரல் என்னும் கடற்பறவைகள் கோடைதோறும் அங்கே கூடி முட்டையிடுகின்றன. பனியில் முட்டையிட்டால் குஞ்சு பிழைக்காது. காய்ந்த கல் வேண்டும். அந்தக் கல்லுக்காக 200 கிலோமீட்டர் பறந்து வந்து, இரைக்காக மீண்டும் 200 கிலோமீட்டர் கடலுக்குப் பறக்கின்றன. எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்தில் எங்கிருந்தோ வந்து கூடு கட்டும் பறவைகளைப் பார்த்திருப்பவர்களுக்கு, இதன் பொருள் எளிதில் விளங்கும். 1985 முதல் 2020 வரையில் ஸ்வார்த்தமாரனில் ஆண்டுக்கு ஆண்டு 20,000 முதல் 2,00,000 வரை கூடுகள் இருந்ததாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2021 டிசம்பரிலும் 2022 ஜனவரியிலும் அங்கே கடுமையான பனிப்புயல்கள் வீசின. பாறையெல்லாம் பனியால் மூடிப்போயிற்று. அந்தக் கோடையில் அங்கே இனப்பெருக்கம் செய்த பறவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாறை மறைந்தால் ஒரு தலைமுறைக் குஞ்சுகளே இல்லாமற் போகின்றன.

இதே பறவைக் கூட்டத்தைச் சேர்ந்த வெண்பெட்ரல்கள் கூட்டருகே கக்கிவைக்கும் எண்ணெய், குளிரில் இறுகிப் படிவமாகிறது. வோல்தாட் மலைப்பகுதியில் எடுத்த இத்தகைய படிவங்களின் வயதைக் கணித்தபோது, 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை கிடைத்தன. அப்படியானால் அக்காலத்திலேயே அப்பாறை பனிக்கு வெளியே இருந்தது என்பது தெளிவாகிறது. ஒரு பறவையின் எச்சில் ஒரு கண்டத்தின் சரித்திரத்தைச் சொல்கிறது.

மூன்றாவது பயன்தான் அந்த மாணவனுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது. பாண்டிய நாட்டுப் பழைய குளங்களில் குமிழி மடை என்ற ஒன்று உண்டு. குளத்தின் உட்புறத்தில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். குளம் பெருகினால் தூண் மூழ்கும். தண்ணீர் வற்ற வற்றத் தூண் வெளியே தெரியும். கரையில் நிற்கும் விவசாயி தூணைப் பார்த்தே, இன்னும் எத்தனை நாளைக்குப் பாய்ச்சலாம் என்று கணக்குச் சொல்லிவிடுவார். பனிக்கு மேல் எழும் சிகரமும் இப்படிப்பட்ட தூண்தான். பனிவிரிப்பு உயர்ந்திருந்த காலத்தில், அது எங்கிருந்தோ சுமந்து வந்த கற்களைச் சிகரத்தின் மேற்பகுதியில் விட்டுச் சென்றது. பனி தாழத் தாழ, கீழே கீழே கற்களை விட்டுக்கொண்டே வந்தது. தண்ணீர் வற்றும்போது கரையில் விட்டுப்போகும் கோடுகளைப் போல் அந்தக் கற்கள் கிடக்கின்றன.

எந்தக் கல் எப்போது வெளிப்பட்டது என்று எப்படி அறிவது? விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் இடைவிடாமல் பூமியின்மேல் பாய்கின்றன. அவை கல்லிலுள்ள வெண்படிகத்தைத் தாக்கும்போது, பெரில்லியம்-10 என்னும் அணுக்கள் மிகச் சிறு அளவில் உண்டாகின்றன. கல் பனிக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும் வரையில் இக்கதிர்கள் அதை எட்டுவதில்லை. வெளியே வந்த நாள் முதல் கணக்கு ஏறத் தொடங்குகிறது. அந்த அணுக்களை அளந்தால், கல் வெயிலைக் கண்டு எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆயின என்று சொல்லிவிடலாம். ஒரே சிகரத்தில் வெவ்வேறு உயரத்தில் கிடக்கும் கற்களை இவ்வாறு அளந்தால், பனி எந்தக் காலத்தில் எவ்வளவு தாழ்ந்தது, மெதுவாகத் தாழ்ந்ததா, விரைவாகத் தாழ்ந்ததா என்பதெல்லாம் வெளியாகும்.

இந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்றால், அங்கே குறையும் பனி இங்கே கடலாக வருகிறது. அண்டார்க்டிகாவின் பனி முழுவதும் உருகினால், உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவும் நம் காலத்தில் உருகிவிடப் போவதில்லை. வீண் பீதிக்கு இடமில்லை. மைத்ரி இருக்கும் கிழக்குப் பகுதியைவிட, மேற்கு அண்டார்க்டிகாவில்தான் பனி வேகமாகக் குறைந்து வருகிறது. ஆயினும் 2002 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து சொன்னபடி, கண்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்குச் சராசரியாக 10,000 கோடி டன்னுக்கும் மேற்பட்ட பனியை அது இழந்திருக்கிறது. ஏறத்தாழ 36,000 கோடி டன் பனி கடலில் சேர்ந்தால், உலகக் கடல் மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும். மில்லிமீட்டர் தானே என்று நம்மைப் போல் உள்நாட்டில் இருப்பவர்கள் எண்ணலாம். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவரும், மணப்பாட்டில் கரையேற்றிய வள்ளத்துக்கு அருகில் குடியிருப்பவரும் அப்படி எண்ண முடியாது. முன்பு பனி எப்படிக் குறைந்தது என்று தெரிந்தால்தான், இனி எப்படிக் குறையும் என்று ஓரளவேனும் கணிக்க முடியும். முன்பு நடந்ததை எழுதிவைத்திருக்கும் ஏடு அந்தப் பாறைகள்தாம்.

அதனால்தான் உலக நாடுகள் அந்தக் கண்டத்தைக் காக்க முன்வந்தன. 1959-இல் அண்டார்க்டிக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1983-இல் நம் நாடு அதில் சேர்ந்தது. 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம், அங்கே கனிமங்களை வெட்டி எடுப்பதைத் தடை செய்தது. 2022-இல் நம் பாராளுமன்றமும் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆராய்ச்சிக்காகவன்றி அங்கிருந்து ஒரு கல்லையும் நினைத்தபடி எடுத்துவர முடியாது.

இந்த இடத்தில் என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு சிறு பாறைக் குன்று இருந்தது. கரிசல் சமவெளிக்கு நடுவே தனியே நிற்கும். கழுகுமலையைப் போல் புகழ் பெற்றதன்று, அதற்குக் கோயிலும் இல்லை, சிற்பமும் இல்லை. சிறு வயதில் அதன்மேல் ஏறி நின்று மழை வரும் திசையைப் பார்ப்போம். அதன் பள்ளங்களில் தேங்கும் தண்ணீரை ஆடுமாடுகள் குடிக்கும். பிறகு அங்கே கல் உடைக்கத் தொடங்கினார்கள். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது குன்று இல்லை. அது இருந்த இடத்தில் ஆழமான பள்ளம் மட்டும் இருந்தது. வீடு கட்டவும் பாதை போடவும் கல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. என் வீட்டுச் சுவரிலும் அந்தக் குன்றின் கல் இருக்கக்கூடும். ஆனாலும் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பாறையைச் சட்டம் போட்டுக் காப்பாற்றத் தெரிந்த நாம், கண்ணெதிரே நின்ற அதன் உடன்பிறப்பை இருந்ததாகக்கூட எழுதிவைக்காமல் இழந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. எந்தக் குன்றை உடைக்கலாம், எதை விட்டுவைக்கலாம் என்று உடைப்பதற்கு முன்பே ஊரார் கூடி யோசித்திருக்கலாம் அல்லவா?

அந்த மாணவனை அண்மையில் சங்கரன்கோயில் பேருந்து நிலையத்தில் கண்டேன். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. "என்ன சார், இன்னும் அந்தப் பனிப்பாறைதானா?" என்று சிரித்தான். "ஆமாம் அப்பா, உனக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறதே" என்றேன். குமிழித் தூணின் உவமையைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் நின்றான். "தூண் தெரியுதுன்னா தண்ணி குறையுதுன்னு அர்த்தம். அது எங்களுக்குத் தெரியும் சார்" என்றான். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டான்.

பூகோளப் பாடம் முழுவதையும் அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது. தூணைப் பார்த்துத் தண்ணீரை அறியும் கண் நம் மக்களுக்குப் பரம்பரையாக வந்தது. அந்தக் கண்ணை இன்னும் சற்றுத் தொலைவுக்குச் செலுத்தினால், தென்கோடியில் வெண்மைக்கு நடுவே தனித்து நிற்கும் அந்தக் கரும்பாறையும் நம் குளத்துத் தூணாகவே தெரியும்.